முள்முடியும் மூங்கில் ஈட்டியும்

1909-ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள் 24-ஆம் நாள். ஏசு பிறந்த விழாவுக்கு முந்திய நாள். ஜப்பானின் கோபே துறைமுகப்பட்டினத்திலே, இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர், படுக்கையும் சில நூல்களும் ஏற்றிய கைவண்டியுடன் ஷின்காவா என்னும் சேரிக்குள் நுழைந்தார். விழாக் கொண்டாட அல்ல, குடியிருக்க! காசநோய் அரித்த உடல். பாதிரிமார் பயிற்சிக் கல்லூரியின் மாணவர். அவருக்குக் கிடைத்த அறையிலே முன்பு ஒரு கொலை நடந்திருந்தது. ஆவி உலவுகிறதென்று அஞ்சி எவரும் அங்கே குடிவர முன்வரவில்லை; ஆகவே வாடகை குறைவு. ஆண்டவனை நம்பிய அந்த இளைஞர் ஆவியை நம்பவில்லை. அந்த அளவுக்கு இருந்த பகுத்தறிவு, அவருக்கு வாடகைப் பணத்தை மிச்சப்படுத்திற்று!

அவர்தாம் டொயோஹிகோ ககாவா. பிற்காலத்தில் மேலைநாட்டுக் கிறித்தவர்கள் மகான் என்று கொண்டாடிய மனிதர். மகான்களைக் கண்டால் நமக்கு இயல்பாகவே ஓர் ஐயம் எழும். எழட்டும், அந்த ஐயத்தோடுதான் இவருடைய வரலாற்றைப் புரட்டப் போகிறோம். ஆனால், மதத்தின் பெயரால் நடப்பது எதுவாயினும் அது மோசடியே என்று கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுவதும் ஒருவகை மூடநம்பிக்கைதான் என்பதையும் மறக்கப் போவதில்லை. சேரியிலே பணிபுரியச் செல்லும் இளைஞர்கள் நம்மிலே பலர். மாலைப் பாடம் நடத்துகிறோம், படிப்பகம் அமைக்கிறோம், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். நாம் யாராகச் செல்கிறோம் என்ற கேள்விக்கு விடைதேட, ஜப்பானின் இந்த ஏடு நமக்குத் தேவைப்படுகிறது.

ககாவா 1888-இல் பிறந்தவர். தந்தை செல்வாக்குள்ள கப்பல் வணிகர். தாய் ஒரு கெய்ஷா, அதாவது ஆடல் பாடலால் பிழைத்த பெண். தாயும் தந்தையும் சிறு வயதிலேயே மறைந்தனர். தந்தையின் சட்டப்படியான மனைவியின் வீட்டிலே, வேண்டாத பிள்ளையாக வளர்ந்தார். டொகுஷிமா நகரில் ஆங்கிலம் கற்பித்த அமெரிக்கப் பாதிரிமார்கள்தாம் அவருக்கு அன்பு காட்டினர். 1904-இல் ஞானமுழுக்குப் பெற்றார். குடும்பம் கைவிட்டது. அன்புக்கு ஏங்கிய நெஞ்சு, அன்பு கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. இதிலே தத்துவம் பெரிதாக ஒன்றுமில்லை; மனித இயல்பு இருக்கிறது.

ஷின்காவாவிலே அவர் கண்டது என்ன? துறைமுகத்தில் மூட்டை சுமப்போர், குப்பை பொறுக்குவோர், பிச்சை எடுப்போர், உடலை விற்றுப் பிழைக்கும் பெண்கள், சூதாடிகள், ஊர் துரத்திய நோயாளிகள். மூச்சுமுட்டும் சிற்றறைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள். பல குடும்பங்களுக்கு ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே கழிப்பிடம். அங்கே ஒரு தொழில் இருந்தது. எழுதவே கை கூசுகிறது. வேண்டாத கைக்குழந்தைகளை வளர்ப்பதாகச் சொல்லிப் பணம் பெற்றுக்கொள்வது, பிறகு பால் கொடாமல் சாகவிடுவது. வறுமை முற்றினால் தாய்மையும் தரகுப் பொருளாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அப்படிச் செத்துக்கொண்டிருந்த குழந்தை ஒன்றை எடுத்துவந்து, இரவெல்லாம் விழித்திருந்து பாலூட்டினார் ககாவா. பிணங்களைக் கழுவினார், அடக்கம் செய்ய ஆளில்லாதவர்களுக்கு அடக்கம் நடத்தினார். அவருடைய சட்டையைக் கேட்டவனுக்குச் சட்டையைக் கொடுத்தார். சேரியிலே பரவியிருந்த கண்ணோய் அவரையும் பற்றி, பார்வையைப் பெரும்பகுதி பறித்தது.

தொலைவிலிருந்து அருளுரை பொழிந்தவர் அல்லர் அவர். அதே சேறு, அதே கொசு, அதே நோய். இதை நாம் மறைக்கக் கூடாது. பட்டு மெத்தையில் சாய்ந்துகொண்டு ஏழைக்குப் பரலோகம் காட்டுகிற கூட்டத்தோடு இவரைச் சேர்த்து எண்ணினால், அது நேர்மையாகாது.

ஏழைகளுக்காக மலிவான உணவுக்கடை ஒன்றைத் திறந்தார். அதற்கு அவர் வைத்த பெயர், ‘சொர்க்கக் கடை’! வந்தவர்கள் உண்டார்கள், கணக்கில் எழுதச் சொன்னார்கள், மீண்டும் வந்து உண்டார்கள். சில மாதங்களில் சொர்க்கம் மூடப்பட்டது! சிரிப்பு வருகிறது, ஆனால் ககாவா அதிலே ஒரு பாடம் கற்றார். ஓட்டைக் குடத்தில் எத்தனை நாள் நீர் வார்ப்பது? அடைக்க வேண்டியது ஓட்டையை அல்லவா? ஒருவனைக் குணப்படுத்தி வேலைக்கு அனுப்பினால், ஆலை மூடப்பட்டு ஒன்பது பேர் சேரிக்கு வருகிறார்கள். 1914-இல் அமெரிக்கா சென்று பிரின்ஸ்டனில் பயின்றார். நியூயார்க் தெருவிலே தையல் தொழிலாளர்கள் அணிவகுத்துச் சென்றதைக் கண்டார். தருமம் பேசுகிறவன் கை ஏந்தச் சொல்கிறான். இவர்களோ கை உயர்த்துகிறார்கள்! 1917-இல் நாடு திரும்பியபோது, அவருடைய பெட்டியில் வேதநூலோடு தொழிற்சங்கமும் இருந்தது.

அடுத்த ஆண்டே ஜப்பானை அரிசிக் கலகம் குலுக்கிற்று. 1918 ஜூலையில் டொயாமா மாநிலத்து மீனவப் பெண்கள், ‘விலை ஏறும் அரிசியைக் கப்பலேற்றாதே’ என்று துறையில் மறித்தனர். தீ நாடெங்கும் பரவிற்று. ஆகஸ்டில், கோபே நகரில் சுசூக்கி வணிக நிறுவனத்தின் தலைமையகம் எரிந்து சாம்பலாயிற்று. பசி படைதிரட்டிய காட்சி அது. 1921 கோடையிலே கவசாக்கி, மிட்சுபிஷி கப்பல் கட்டும் துறைகளில் சுமார் 30,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முன்னணியில் ககாவா. சிறை புகுந்தார். ஒன்றரை மாதப் போராட்டம் தோல்வியில் முடிந்தது, பலர் வேலையிழந்தனர். அதே ஆண்டில் கோபேயில் நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்ற அவர் துணைநின்றார். 1922 ஏப்ரலில், மற்றொரு பாதிரியாரான சுகியாமா மோட்டோஜிரோவுடன் சேர்ந்து ஜப்பான் உழவர் சங்கத்தை அமைத்தார். 1920-இல் வெளிவந்து பெரும் விற்பனை கண்ட அவருடைய தன்வரலாற்றுப் புதினத்தின் வருவாய், இந்தப் பணிகளுக்கெல்லாம் பாய்ந்தது. சேரிகளை இடித்து நல்வீடு கட்ட வழிசெய்த 1927-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அவர் எழுத்தும் உழைப்பும் ஒரு காரணம் என்பர்.

இவ்வளவும் வரவு. இனிப் பற்று.

1915-இல் ககாவா ஒரு பெருநூல் வெளியிட்டார். ஏழைகளின் உள்ளப்போக்கை ஆராய்கிற நூல். சேரியிலே ஐந்தாண்டு வாழ்ந்தவரின் கணக்கெடுப்பு, கூலி விவரம், உணவு விவரம் என்று அரிய செய்திகள் அதில் உண்டு. ஆனால் அதே நூலிலே, ஜப்பானின் தீண்டப்படாத மக்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் வேறு இனத்தவர், குற்றம் புரியும் இயல்பு அவர்கள் குருதியில் ஊறியது என்னும் கருத்துப்பட எழுதினார். இரவெல்லாம் விழித்துக் குழந்தைக்குப் பாலூட்டிய அதே கை! ஷின்காவாவின் மக்களில் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள் கணிசமானோர். யாருடன் உண்டாரோ, யாருடைய பிணத்தைக் கழுவினாரோ, அவர்களைப் பற்றித்தான் இந்தச் சொல்.

எப்படி நேர்ந்தது இது? அந்நாளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அறிவியல் வேடம் பூண்டு திரிந்த இனவாதத்தின் பிடி என்று கூறுவோர் உண்டு. அது பாதி விடைதான். மற்றப் பாதி, இரக்கத்தின் உள்ளேயே இருக்கிறது என்பது நம் கருத்து. இரங்குகிறவன் மேலே நிற்கிறான். இரக்கத்துக்கு ஆளானவன் ஏன் தாழ்ந்தான் என்று கேட்கும்போது, அவனுடைய உடலிலும் உள்ளத்திலும் காரணத்தைத் தேடுவது எளிது; தன்னைத் தூக்கி வைத்திருக்கும் சமூகத்தில் தேடுவது கடினம்.

யார் அந்த மக்கள்? தோகுகவா ஆட்சிக் காலத்திலே இறந்த விலங்கை அகற்றுதல், தோல் பதனிடுதல், சிறைக் காவல், தூக்குமேடைப் பணி ஆகியவை சிலர் தலையில் பிறப்பால் சுமத்தப்பட்டன. அவர்களுக்கு வைத்த பெயர் ‘எத்தா’. அதை எழுதும் எழுத்துக்களின் பொருள், அழுக்கு மிகுந்தது என்பது. இன்னொரு பிரிவுக்கு ‘ஹினின்’. மனிதரல்லாதார் என்று பொருள். கொல்லாமை பேசிய பௌத்தமும், தூய்மை பேசிய ஷிண்டோவும் கைகோத்து ஈன்ற குழந்தை இந்தத் தீட்டு. அவர்கள் வாழ்ந்த குடியிருப்புக்கு ‘புராக்கு’ என்று பெயர் வழங்கலாயிற்று. புராக்கு என்றால் வெறும் சிற்றூர், குடியிருப்பு. நம் மொழியில் ‘சேரி’ என்பதும் ஒருகாலத்தில் மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்ற அளவிலேயே நின்ற சொல் அல்லவா? கடல் கடந்து கிடக்கும் இரு மொழிகளில், ஒரே நோய் ஒரே வகையில் சொல்லைக் கெடுத்திருக்கிறது.

1871-இல் மெய்ஜி அரசு ஓர் ஆணை பிறப்பித்து அந்த இழிபெயர்களை ஒழித்தது. எல்லோரும் சமக் குடிமக்கள் என்றது. வரி வந்தது, கட்டாயப் படைச்சேவை வந்தது, தோல் தொழிலில் இருந்த தனியுரிமை போயிற்று. நிலம் வரவில்லை, முதல் வரவில்லை, மதிப்பும் வரவில்லை. ‘புதுக் குடிமக்கள்’ என்றொரு புதுப்பெயர் மட்டும் வந்தது. அதுவே புது வசையாயிற்று. மேற்கு ஜப்பானின் சில பகுதிகளில் 1873-இல் உழவர் கலகக் கூட்டங்கள் அந்த மக்களின் வீடுகளைக் கொளுத்தி, உயிர்களையும் பறித்தன. இழந்தது ஒன்றுமில்லாதிருந்தும், தமக்குக் கீழே ஒருவன் இல்லாமற் போகிறானே என்ற ஆத்திரம்! ஏழை உழவனின் கையாலேயே ஏழைத் தோல் தொழிலாளியின் குடிசைக்குத் தீ. நமக்குப் புதிய செய்தியா இது?

மதம் என்ன செய்தது? அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் ஹொங்கான்ஜி மடத்தைச் சேர்ந்த பௌத்தர்கள். பக்தியில் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர், காணிக்கையிலும் அப்படியே. அவர்களுக்குத் தனிக் கோயில், தனிப் பூசகர். பௌத்த மடங்கள் பலவற்றில், இறந்தவருக்குக் குருமார் சூட்டும் பெயரிலேயே விலங்கு என்றும் தோல் என்றும் பொருள்படும் எழுத்துக்களைச் செதுக்கினர். செத்த பிறகும் சாதி! கல்லறைக் கல்லிலும் சாதி! புத்தர் எதை ஒழிக்கப் புறப்பட்டாரோ, அதை அவர் பெயராலேயே கல்லில் வெட்டினார்கள்.

அரிசிக் கலகத்தில் புராக்கு மக்கள் பெருமளவில் பங்கெடுத்தனர். தண்டனையும் அவர்களுக்கே மிகுதியாகக் கிடைத்தது. அரசு அஞ்சிற்று. ‘இணக்கப் பணி’ என்ற பெயரில் உதவித் தொகை, நல்லுரை, சீர்திருத்தக் கூட்டம் ஆகியவை புறப்பட்டன. ஒழுங்காக வாழுங்கள், தூய்மையாக இருங்கள், சிக்கனமாக இருங்கள், அப்போது மற்றவர்கள் உங்களை ஏற்பார்கள் என்பதே அவற்றின் சாரம். அடித்தவனைத் திருத்துவதை விட்டு, அடிபட்டவனைக் குளிக்கச் சொல்லும் திட்டம்!

நாரா மாநிலத்தில் கஷிவபாரா என்றொரு சிற்றூர். அங்கே மூன்று இளைஞர்கள். ஒருவர் சைக்கோ மன்கிச்சி. ஊர்க் கோயில் பூசகரின் மகன், ஓவியம் பயின்றவர். மற்றொருவர் சகமோட்டோ சேயிச்சிரோ; விலங்குத் தோலிலிருந்து பசை காய்ச்சும் தொழிற்கூடம் நடத்திய குடும்பத்துப் பிள்ளை. மூன்றாமவர் கோமாய் கிசாகு. இழிவு தாளாமல், கடல் கடந்து செலிபிஸ் தீவுக்கே குடிபெயர்ந்துவிடலாம் என்றுகூட எண்ணினார்கள். பிறகு எண்ணத்தை மாற்றி, 1920-இல் ‘தகைவிலான்’ குருவியின் பெயரால் சிறு கழகம் தொடங்கினார்கள். குறைந்த வட்டிக்குக் கடன், கூட்டாகப் பொருள் வாங்குதல், படித்தல், விவாதித்தல். ககாவாவுடனும் தொடர்பு கொண்டார்கள். பணி ஒன்றுதான், ஆனால் பணிபுரிகிறவன் யார் என்பது மாறிவிட்டது.

1922 மார்ச் 3. கியோட்டோ நகரின் ஒக்கசாக்கி பொதுமன்றம். ஆயிரக்கணக்கானோர் கூடினர். ‘சுய்ஹெய்ஷா’ பிறந்தது. நீரின் மட்டம் எங்கும் ஒன்றே; அதுபோல் மாந்தரும் ஒரே மட்டம் என்பது அப்பெயரின் உட்பொருள். சமநிலைக் கழகம் எனலாம். சைக்கோ எழுதிய அறிக்கை படிக்கப்பட்டது. பிறர் எங்கள்பால் இரக்கம் காட்டி நடத்திய இயக்கங்கள் எங்களை உயர்த்தவில்லை, எங்களிற் பலரைத் தாழ்த்தவே செய்தன. இனி எங்கள் விடுதலை எங்கள் செயலால் என்பது அதன் கருத்து. எந்தப் பெயரால் இழித்தார்களோ, அந்தப் பெயரை வெட்கமின்றி ஏந்துவோம் என்றார்கள். கூட்டத்தில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் மேடையேறிப் பள்ளியிலே தான் பட்ட இழிவை எடுத்துரைத்தான். மண்டபம் கண்ணீரில் நனைந்தது. ஆசிரியப் பணியில் இருக்கும் நமக்கு, அந்த அறிக்கையைவிட அந்தச் சிறுவனின் பேச்சே நெஞ்சில் அதிகம் தைக்கிறது.

அவர்கள் செய்த முதற் செயல்களில் ஒன்றை நம் தோழர்கள் மிகவும் சுவைப்பார்கள். கிழக்கு, மேற்கு எனப் பிரிந்திருந்த ஹொங்கான்ஜி மடங்கள் இரண்டுக்கும் அடுத்த மாதமே செய்தி சென்றது: எங்கள் மக்களிடம் அடுத்த 20 ஆண்டுகளுக்கு எந்தக் காணிக்கையும் கேளாதீர்! கோயிலை இடிக்கவில்லை, சிலையை உடைக்கவில்லை, பணப்பையின் வாயை மட்டும் இறுக்கிக் கட்டினார்கள். சமத்துவம் பற்றி அதுவரை மூச்சுவிடாதிருந்த மடங்கள், அறிக்கைமேல் அறிக்கையாகப் பேசத் தொடங்கின. காணிக்கைக்குத்தான் என்ன ஆற்றல்!

கழகத்துக்குக் கொடி வேண்டுமல்லவா? ஓவியர் சைக்கோ வரைந்தார். கருநிறத் துணி, அதிலே குருதிச் சிவப்பில் ஏசுவின் முள்முடி, கொடிக்கம்பம், உழவர் கிளர்ச்சிகளில் ஏந்திய மூங்கில் ஈட்டி. பௌத்தக் கோயிலிலே பிறந்தவர், கிறித்தவனின் சின்னத்தை எடுத்து, ஈட்டியிலே கட்டினார்! பாதிரியார்கள் அந்த முள்முடியைக் காட்டிப் பொறுமை போதித்தார்கள். இவர்களோ, முள்முடி சூட்டப்பட்டவர்கள் நாங்கள் என்று காட்டினார்கள்.

ஈட்டி வெறும் அணியாக நிற்கவில்லை. இழிசொல் கூறியவனை நேரில் கண்டு, கணக்குக் கேட்டு, மன்னிப்பை எழுத்தில் வாங்கி, செய்தித்தாளில் அச்சிடச் செய்யும் முறையைக் கையாண்டார்கள். 1923 மார்ச்சில் நாரா மாநிலத்தில், திருமண ஊர்வலம் ஒன்றைப் பார்த்து ஒருவன் நான்கு விரல்களைக் காட்டினான். நாற்கால் விலங்கு என்று பொருள். மன்னிப்புக் கேட்க மறுத்தான். தேசபக்தி பேசும் முரட்டுக் கூட்டமொன்று அவனுக்குத் துணை வந்தது. இரு பக்கமும் ஆயிரக்கணக்கில் திரண்டு நாட்கணக்கில் மோதின. நான்கு விரல்களுக்கா இத்தனை என்று கேட்பவர், அந்த விரல்கள் தம்மை நோக்கி நீண்டிராதவர்.

இங்கேதான் ககாவா விலகினார். இந்த இயக்கம் வெறுப்பை வளர்க்கிறது என்று கருதினார். அன்பால் வெல்ல வேண்டும் என்றார். உழவர் சங்கத்தில் தோளோடு தோள் நின்றவர்களிடமிருந்தே பிரிந்தார். அவரை நாம் கோழை என்று கூறமாட்டோம்; துப்பாக்கிக் காவலருக்கும் முதலாளிக்கும் அஞ்சாதவர் அவர். ஆனால், தம்மால் அணைக்கப்பட வேண்டியவர்கள் தம்மைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றபோது, அந்த எழுச்சியின் முகம் அவருக்குப் பிடிக்கவில்லை. உதவ வந்தவர்களுக்கு வரும் சோதனைகளில் கடுமையானது, பசியும் நோயும் அல்ல, இதுதான். அந்த நூலின் பக்கங்கள் பிற்காலத்திலும் அவரைத் துரத்தின. அவர் மறைந்தபின் முழுத்தொகுதி வெளியிடப்பட்டபோது எதிர்ப்புக் கிளம்பிற்று. ஜப்பானியத் திருச்சபைக்குள்ளேயே அவருடைய சொற்கள் விசாரணைக்கு உள்ளாயின.

தமிழ் மண்ணையும் மிதித்தவர் ககாவா. 1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு நடந்தது, அவர் வந்திருந்தார். அதே டிசம்பரில், கட்டாய இந்தியை எதிர்த்த குற்றத்துக்காகப் பெரியார் சிறை சென்றார். தொலைவு சில கல். ஆனால் இரு உலகங்கள். ‘குடி அரசு’ 1925-இல் தோன்றியது, சுய்ஹெய்ஷாவுக்கு மூன்றாண்டு பின்னர். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை, ஆயினும் காணிக்கைக்கும் இரக்கத்துக்கும் இருவரும் சொன்ன விடை ஒன்றுபோல் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து சென்ற ககாவா, 1939 ஜனவரியில் பர்தோலியில் காந்தியாரைக் கண்டார். சீனத்தின்மீது தம் நாடு தொடுத்த போரைப் பற்றிக் கேட்டார். உம் கொள்கையை வெளிப்படையாக அறிவித்து, சுடப்பட்டாலும் ஏற்றுக்கொள்ளும் என்ற கருத்தில் காந்தியார் மறுமொழி தந்தார். 1940-இல் படைக்காவலர் ககாவாவைக் கைது செய்தனர்; ஆனால் போர் முற்றியபோது, அமெரிக்காவைக் கண்டித்து வானொலியில் பேசியவரும் அவரே. சைக்கோவும் வழுவினார்: 1928-இல் சிறைப்பட்டவர், சிறையிலே தேசியவாதத்துக்கு மாறினார். சுய்ஹெய்ஷா 1942-இல் இல்லாமற் போயிற்று.

போருக்குப் பின் அது மீண்டெழுந்தது, வேறு பெயரில். அதன் தலைவர் மட்சுமோட்டோ ஜீச்சிரோ, 1947-இல் நாடாளுமன்ற மேலவையின் துணைத் தலைவரானார். பேரரசருக்கு முதுகு காட்டலாகாது என்பதற்காக, அவர் முன்னிலையில் நண்டுபோல் பக்கவாட்டில் நடப்பது வழக்கம். 1948-இல் மட்சுமோட்டோ அந்த நடையை நடக்க மறுத்தார். தோல் பதனிட்டவர் வழிவந்த மனிதர், நேராக நடந்தார்!

1969-இல் தொடங்கி 2002 வரை, தனிச் சட்டங்களின்கீழ் புராக்குக் குடியிருப்புகளில் வீடும் சாலையும் பள்ளியும் அமைந்தன. வீடு மாறிற்று. ஆனால் எந்த ஊர் புராக்கு என்று பட்டியலிட்டு நிறுவனங்களுக்கு விற்ற கும்பல் 1975-இல் அம்பலமாயிற்று. வேலைக்கு ஆளெடுக்கும்போது ஒதுக்குவதற்காக வாங்கினார்கள். 2016-இல் புராக்கு வேற்றுமையை ஒழிக்கவென்றே ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

ககாவா 1960 ஏப்ரல் 23-இல் மறைந்தார். அவர் துணைநின்ற கோபே பண்டகசாலை, ஜப்பானின் மிகப் பெரிய நுகர்வோர் கூட்டுறவுகளில் ஒன்றாக வளர்ந்து நிற்கிறது. கஷிவபாராவிலே, சைக்கோ பிறந்த கோயிலுக்கு அருகில், 1998-இல் சுய்ஹெய்ஷாவுக்கு ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. முள்முடிக் கொடியை அங்கே காணலாம்.